வாஸ்குலைட்டிஸ்: 'நரம்பு வீக்கம்' என்று சொல்லாதீர்கள்

பல வருடமாக முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயோடு) இருப்பவரின் ரிப்போர்ட்டில் ஒருநாள் புதிதாக 'ருமட்டாய்டு வாஸ்குலைட்டிஸ்' என்று இருக்கும். என்னவாம் என்று கேட்டால் 'நரம்பு வீக்கமாம்' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். தப்பு. அந்த இரண்டு சொல்லுமே தப்பு. இது இரத்தக்குழாயில் வரும் அழற்சி.

லத்தீனில் 'வாஸ்' என்றால் கலம், பாத்திரம். பூச்சாடியைச் சொல்லும் 'வேஸ்' கூட இந்த வேரில் வந்ததுதான். அதன் குறுமை வடிவம் 'வாஸ்குலும்', அதாவது சின்னக் கலம். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'குருதிக்கலன்' இந்த மூலப் பொருளுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இரத்தக்குழாய், இரத்த நாளம், குருதிக்குழல் என்கிறோம். எனக்குக் குழல்தான் பிடிக்கும், ஏனென்றால் இந்த நோயில் நடப்பதே குழலின் சுவர் அழன்று தடித்து, உள்வழி குறுகி, அதற்கப்பால் இரத்தம் போகாமல் நிற்பதுதான்.

'ஐட்டிஸ்' கிரேக்க விகுதி. முதலில் 'சார்ந்தது' என்றுதான் அதற்குப் பொருள், ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவுதான். பிற்பாடுதான் மருத்துவத்தில் அழற்சிக்கான அடையாளமாகிவிட்டது. அழற்சி அருமையான சொல். அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலத்தில் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' என்பதற்குள்ளும் இருப்பது தீதான். சிவப்பு, சூடு, வலி, வீக்கம் நான்கும் சேர்ந்தது அழற்சி, அதில் ஒன்றை மட்டும் எடுத்து 'வீக்கம்' என்றால் முக்கால்வாசி விஷயம் போய்விடும்.

'ருமட்டாய்டு' என்பதில் 'ரியூமா' இருக்கிறது, கிரேக்கத்தில் ஒழுக்கு என்று பொருள். உடம்பில் ஒரு கெட்ட நீர் ஒழுகி மூட்டில் இறங்குவதாக அந்தக் காலத்தில் நம்பினார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர் வைத்தவர் ஆல்ஃப்ரெட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1859-இல். நம் பக்கம் காற்றைக் காரணம் சொன்னார்கள். வாதம் என்றால் காற்று, குறள் சொல்லும் 'வளி' அதுதான். முடக்குவதால் முடக்குவாதம், அந்த முடக்கை அறுப்பது என்றுதான் முடக்கறுத்தான் கீரைக்கும் பெயர். உண்மையில் உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்குகிறது, மூட்டை மட்டுமல்ல, சிலருக்குக் குருதிக்குழலையும்.

சரி, 'நரம்பு'க்கு வருவோம். ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கல' என்போம், அங்கே நாம் சொல்வது சிரையை, அதாவது ஓர் இரத்தக்குழாயை. உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு, இரத்தம் ஓடுவதும் நரம்பு என்று பேச்சில் ஒன்றாகிவிட்டது. இந்த நோயில் அதுதான் ஆபத்து. நரம்புக்கே இரத்தம் கொண்டுபோகும் பொடிக் குழல்கள் அடைபட்டால் நிஜமாகவே நரம்பு செத்து, திடீரென்று பாதத்தைத் தூக்க முடியாமல் போகும், மணிக்கட்டு தொங்கிவிடும். 'நரம்புதானே' என்று மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாள் போய்விடும். தேவைப்படுவது ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளும், அதுவும் சீக்கிரமாக.

இன்னொன்று, இது பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் முடக்குவாதம் இருப்பவர்களுக்கு, அதுவும் மூட்டுவலி அடங்கிப்போன மாதிரி தெரிகிற சமயத்தில்கூட வரும். கணுக்கால் பக்கம் ஆறாத புண், காலில் ஊதாநிறப் புள்ளிகள், விரல்நுனி கறுப்பது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் முடக்குவாத மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நல்ல மருந்துகள் வந்தபிறகு இந்தச் சிக்கல் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் வந்தவர்களுக்குக் கடுமையானது.

எழுதும்போது 'முடக்குவாதக் குருதிக்குழல் அழற்சி' என்று முழுசாக எழுதலாம். பாட்டிக்குச் சொல்வதென்றால், 'இரத்தக்குழாய் உள்ளுக்குள்ள புண்ணாகி அடைக்குது பாட்டி' என்றால் போதும், புரிந்துகொள்வார்.