குழந்தையோடு பாரிஸ் செல்லும் பெற்றோர் குளிரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பியப் பயணத்துக்கு முன்பு சிறு குழந்தையோடு என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். "பாரிஸ் போகிறோம் டாக்டர், பிள்ளை குளிரைத் தாங்குமா?" என்று தொடங்கி, சளி, இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து எழுதித் தரச் சொல்வார்கள். குழந்தைநல மருத்துவர் என்ற முறையில் நான் குளிரைக் கடைசியில்தான் வைப்பேன். நம் குடும்பங்கள் அதிகமாகச் செல்லும் மே, ஜூன் மாதங்களில் பாரிஸின் பகல் நேரத்துக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் மழைக்கு ஒரு மேலங்கியும் போதும். கோடை முற்றினால் சிரமம் தருவது வெயில்தான். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அங்குள்ள பழைய விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது என்பதால், அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையில் குழந்தைகளை முதலில் பாதிப்பது தூக்கக் குறைவு. கோடையில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். இங்கே இரவு 9 மணிக்குத் தூங்கி காலை 6.30 மணிக்கு எழும் குழந்தைக்கு, அங்கே மாலை 5.30 மணிக்கே கண் சொக்கும்; அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். சுற்றுலா நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலிலோ முதல் நாள் இரவே சேன் நதியில் படகுப் பயணமும் ஈபிள் கோபுரத்தின் விளக்கு மினுமினுப்பும் இடம்பெற்றிருக்கும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு 10 மணியாகிவிடும். விளக்குகள் மினுமினுக்கும் நேரத்தில் குழந்தையின் உடல் நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டரை மணியில் இருக்கும். மறுநாள் குழந்தை அடம்பிடிப்பதையும், சாப்பிட மறுப்பதையும், காரணமின்றி அழுவதையும் பார்த்து, "ஊர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள். முதல் மூன்று நாள்களுக்கு இரவு நிகழ்ச்சி எதுவும் வைத்துக்கொள்ளாமல், மாலை வெளிச்சத்தில் குழந்தையைப் பூங்காவில் விளையாட விட்டு, தூங்கும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலான குழந்தைகள் பழகிவிடும். லக்சம்பர்க் தோட்டத்துக் குளத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு மரப் பாய்மரப் படகை ஒரு குச்சியால் தள்ளிவிட்டுக் கொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அன்றைய பாரிஸ் அவ்வளவே போதும். லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசாவுக்கு முன் நெரிசலில் நிற்பது பெற்றோரின் ஆசை. அதைக் குழந்தையின் மேல் ஏற்றாமல், பெற்றோரில் ஒருவர் மட்டும் போய்வருவதில் தவறில்லை.

நகருக்குள் போய்வருவதற்கு எல்லோரும் மெட்ரோவைத்தான் பரிந்துரைப்பார்கள். ஆனால் 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ரயில் அமைப்பின் பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இல்லை. 1998-இல் திறக்கப்பட்ட 14-ஆம் தடம் அதற்கு விலக்கு. மற்ற தடங்களில் குழந்தையையும் தள்ளுவண்டியையும் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க நேரிடும். வண்டியை மடிக்காமலே ஏற்றக்கூடிய பேருந்து சற்று மெதுவாகப் போனாலும் குடும்பங்களுக்கு அதுவே ஏற்றது. மெட்ரோவில் போனால், கதவில் ஒட்டப்பட்டிருக்கும் முயல் படத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். கதவிடுக்கில் விரல் நசுங்கி வலியில் துடிக்கும் அந்த முயலைப் பார்த்த குழந்தைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

யாரும் என்னிடம் கேட்காத, நானாகவே சொல்லும் ஆபத்து ஒன்று உண்டு: ஜன்னல். நம் வீட்டு ஜன்னல்களில் கம்பி இருப்பதால், குழந்தை ஜன்னலில் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பதை நாம் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பாரிஸின் பழைய கட்டடங்களில் ஜன்னல்கள் உள்பக்கமாக முழுவதும் திறக்கும். பலவற்றில் அவை தரை வரை நீண்டு, வெளியே ஓர் அலங்காரக் கம்பித் தடுப்பு மட்டுமே இருக்கும். ஏசி இல்லாத அறையில் கோடைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைக்காமலும் இருக்க முடியாது. ஆகவே அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஜன்னலுக்கு அருகில் உள்ள நாற்காலி, மேசை, கட்டில், பெட்டி ஆகிய ஏறக்கூடிய எதையும் அப்புறப்படுத்திவிடுங்கள். பெரியவர் ஒருவர் அதே அறையில் விழித்திருக்கும்போது மட்டுமே ஜன்னல் திறந்திருக்கலாம்.

அடுத்து மருந்து. இங்கே சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். பிரான்சில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தாகப் பரவலாகக் கிடைப்பது டோலிபிரான் என்ற பெயரில் விற்கப்படும் பாராசிட்டமால் சிரப். அதன் ஒரு மில்லியில் 24 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதோடு வரும் அளவுக் குழலில் மில்லிக் கணக்குக்குப் பதிலாகக் குழந்தையின் எடை கிலோவில் குறிக்கப்பட்டிருக்கும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 12 என்ற கோடு வரை எடுத்தால் ஏறத்தாழ ஏழரை மில்லி, அதாவது ஒரு வேளைக்கு உரிய 180 மில்லிகிராம் கிடைத்துவிடும். இந்த வசதியான குழலை நம் ஊர் மருந்துக்குப் பயன்படுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது. நம்மிடம் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்து என்று மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. அதே 12 கிலோ கோடு வரை 250 மில்லிகிராம் சிரப்பை எடுத்தால் மருந்து இரு மடங்குக்கும் மேலாகிவிடும். சொட்டு மருந்தை எடுத்தால் நான்கு மடங்காகும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். ஆனால் அயலூரில், நள்ளிரவில், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போடுவதில்லை. எனவே புறப்படும் முன்பே குழந்தையின் எடையைப் பார்த்து, நீங்கள் கொண்டுபோகும் புட்டியின் மேலேயே ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தந்த மருந்தை அதனதன் குழலால் மட்டுமே அளக்க வேண்டும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே ஆறு மணி நேரம் விடுங்கள். இளைப்பு உள்ள குழந்தையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல.

கடலை, பாதாம், முந்திரி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர் பேக்கரிகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்வைக்குச் சாதாரண இனிப்பு ரொட்டியாகத் தெரிவதன் உள்ளே பாதாம் விழுதோ ஹேசல்நட் விழுதோ இருக்கலாம். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் சொல்வதால், கேட்பதற்குத் தயங்காதீர்கள். பிரெஞ்சு உணவகங்கள் பலவற்றில் மதிய உணவுக்குப் பிறகு இரவு 7 மணி வரை அடுப்பு எரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சோறு இல்லாமல் சமாளிக்காத குழந்தையென்றால், வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பல் பகுதியில் ஈழத்தமிழர்கள் நடத்தும் உணவகங்களில் சோறும் இட்லியும் கிடைக்கும்.

டாக்ஸிகளைப் பற்றி ஒரு சொல். பிரான்சில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தை காரில் அதற்குரிய இருக்கையில்தான் அமர வேண்டும். ஆனால் டாக்ஸிக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, விமான நிலையத்திலிருந்து அதிவேகச் சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது பாதுகாப்பாகிவிடாது. முன்பதிவின்போதே குழந்தை இருக்கை வேண்டும் என்று கேளுங்கள், அல்லது ரயிலில் செல்லுங்கள்.

அவசரத்துக்கு 15 என்ற எண்ணை அழைத்தால் மருத்துவச் சேவை கிடைக்கும். 112 ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான எண். குழந்தைகளுக்கான தனி அவசரப் பிரிவு நகரின் தெற்கே நெக்கர் மருத்துவமனையிலும் வடகிழக்கே ராபர் தெப்ரே மருத்துவமனையிலும் இருக்கிறது. நாங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெதஸ்கோப் 1816-இல் பிறந்தது அந்த நெக்கரில்தான். பிரான்ஸ் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், விசாவுக்காகவே மிக மலிவான திட்டத்தை வாங்கிவிடுகிறார்கள். குழந்தைக்கு ஏற்கெனவே உள்ள இளைப்பு, வலிப்பு போன்றவற்றுக்கு அதில் இடம் உண்டா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்து வரச் சொன்னால் சிலருக்கு வியப்பு. ஐரோப்பாவில் என்ன நோய் இருந்துவிடப் போகிறது என்பார்கள். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய மண்டலத்தில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 1,27,000-க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை கண்டது. வயதுக்குரிய தட்டம்மைத் தடுப்பூசித் தவணைகள் முடிந்திருக்க வேண்டும்; ஆறு மாதம் நிறைந்து ஒன்பது மாதத்தை எட்டாத குழந்தையென்றால், பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு தவணை தரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது கூடுதல் தவணையே. வழக்கமான தவணைகளை அதற்குப் பிறகும் போட வேண்டும். ஊர் திரும்பி மூன்று வாரங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சலோடு கண் சிவப்பும் தோலில் தடிப்பும் கண்டால், மருத்துவமனைக்கு முன்பே தொலைபேசியில் தெரிவித்துவிட்டு வாருங்கள். தடுப்பூசி போடும் வயது வராத பச்சிளங்குழந்தைகள் காத்திருக்கும் கூடத்துக்குள் வராமல் உங்களைத் தனி அறைக்கு அழைத்துக்கொள்வோம்.