அலைவரிசை வேறு, நிலையம் வேறு

“என்னை வளர்த்த அலைவரிசைகள்”, “வானொலிப் பித்தைத் தந்த அலைவரிசை”, “மறக்க முடியாத அலைவரிசை: இலங்கை வானொலி”. பழைய நேயர்களின் நினைவுக் கட்டுரை எதைத் திறந்தாலும் இப்போதெல்லாம் தலைப்பு இப்படித்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் படித்தால் எழுதியவர் பாட்டுக்கு ‘ஸ்டேஷன்’ என்றோ ‘நிலையம்’ என்றோதான் எழுதியிருப்பார். தலைப்பு வைக்கிற கைதான் அதை அலைவரிசை ஆக்கிவிடுகிறது. என் கட்டுரை ஒன்றில் ‘திருச்சி நிலையம்’ என்றிருந்த இடத்தையெல்லாம் ‘திருச்சி அலைவரிசை’ என்று திருத்தி அச்சிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “நிலையம்னா பஸ் நிலையம், காவல் நிலையம்தான் சார் ஞாபகத்துக்கு வருது. அலைவரிசை அழகா இருக்கு” என்றார் திருத்தியவர். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பொருள்தான் அதற்குக் கிடையாது.

சொல்லின் பிறப்பில் புதிர் ஒன்றுமில்லை. அலை, வரிசை, இரண்டும் சேர்ந்து அலைவரிசை. அடுத்தடுத்து நிற்கும் அலைகளின் தொகுதிக்குப் பொருத்தமான பெயர். சிற்றலை (ஷார்ட் வேவ்) வரிசை, மத்திய அலை (மீடியம் வேவ்) வரிசை என்று அறிவிப்பாளர்கள் சொன்னது இந்தப் பொருளில்தான். பிறகு அந்த வரிசைக்குள் குறிப்பிட்ட ஓர் இடத்தையும், அதாவது இத்தனை கிலோஹெர்ட்ஸ் என்கிற எண்ணையும், அலைவரிசை என்றே சொல்லத் தொடங்கினோம். பாடப்புத்தகம் இதை அதிர்வெண் என்கும். இலங்கைப் பாடநூல்களில் மீடிறன். பேச்சிலும் அறிவிப்பிலும் அலைவரிசையே நிலைத்தது. இதுவரை எனக்குச் சண்டை இல்லை. எண்ணுக்கு உரிய பெயரைத் தூக்கி, பேசுகிறவருக்கு வைத்தார்களே, அங்கேதான் தொல்லை. ஓர் ஆளை அவருடைய தொலைபேசி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது போன்ற வேலை இது.

சிற்றலை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பழைய வால்வு ரேடியோவின் கண்ணாடித் தகட்டில் 25, 31, 41, 49 என்று அலைநீளம் மீட்டரில் அச்சிட்டிருக்கும். 300ஐ மீட்டரால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் வந்துவிடும். 41 மீட்டர் என்றால் 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே. குமிழை மயிரிழை திருகுவோம், முள் நகரும், கரகரப்புக்கு நடுவில் ஒரு குரல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும், மறுபடி பின்னால் திருகுவோம். அப்படித் தேடியது எண்ணை அல்ல, அந்தக் குரலை. எண் மாறிக்கொண்டே இருந்தது. சிற்றலை, வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து நம் வீட்டுக் கம்பியில் விழுகிறது. அந்த மண்டலமோ பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று குணம் மாறும். அதனால்தான் உலகச் சிற்றலை நிலையங்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் புதிய அட்டவணைக்கு மாறுகின்றன. லண்டனிலிருந்து வந்த பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றலைகளில் வரும். எது தெளிவோ அதில் கேட்போம். அதே எண்ணில் அரை மணி கழித்து வேறு நாட்டுக்காரர் வேறு மொழியில் பேசிக்கொண்டிருப்பார். ஒரு நிலையத்துக்குப் பல அலைவரிசை, ஓர் அலைவரிசையில் பல நிலையம். இரண்டும் ஒன்று என்றால் இந்தக் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

1941 மே 3ஆம் தேதி தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்த அந்தத் தமிழோசைக்கு, அங்கே ஒலிபரப்பாளராக இருந்த சோ. சிவபாதசுந்தரம் வைத்த பெயரைப் பாருங்கள். ஓசை. அலை என்று வைக்கவில்லை. எத்தனை முறை மீட்டர் மாறினாலும் பெயருக்கு இடைஞ்சல் வரவில்லை. இலங்கை வானொலியும் அப்படித்தான். 1925இல் கொழும்பில் தொடங்கி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவியையும் பெற்றுக்கொண்டு, 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் (அரசுக் கழகம்) ஆனது. தமிழ்நாட்டு நேயர் வாயில் அது கடைசிவரை ‘சிலோன்’தான். “சிலோன் வை”, “இன்னிக்கு சிலோன் எடுக்கலை”, “மழைன்னா திருச்சிகூட கொரகொரன்னுதான் எடுக்கும்.” ஊர்ப்பெயரைத்தான் சொன்னார்கள். ஏனென்றால் குரல் ஓர் ஊரிலிருந்து வந்தது.

நிலையம் என்ற சொல் எனக்குப் பிடித்திருப்பதும் இதனால்தான். நிற்பது நிலை, அலைவது அலை. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் அகில இந்திய வானொலியில் தொடங்கின. அன்று முதல் ஒலிப்பதிவுக் கூடம், செய்தியறை, இசைக் கலைஞர்கள் என்று ஓரிடத்தில் நின்றன. நிலைய இயக்குநர், நிலையக் கலைஞர், நிலைய வித்வான் என்கிறோம். நாகஸ்வரக்காரர் ஒருவரை ‘அலைவரிசை வித்வான்’ என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வந்துவிடுவார்.

சென்னை வானொலியே ‘முதல் அலைவரிசை’ என்று அறிவிக்கிறதே என்று மடக்குவார்கள். சரியாகத்தான் அறிவிக்கிறது. 720 கிலோஹெர்ட்ஸ் முதல் அலைவரிசை. திரைப்பாட்டுச் சேவையான விவித பாரதிக்கு வேறு எண். நிலையம் தன்னிடம் உள்ள அலைகளை எண்ணிச் சொல்கிறது. ஒரே வாசலுக்குள் பல அலைவரிசைகள் இருப்பதால்தான் முதல், இரண்டாம் என்று எண்ணவே வேண்டியிருக்கிறது. இது என் கட்சிக்குச் சாட்சி.

இன்னொரு கூட்டம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது: நிலையம் வடசொல், அலைவரிசை தனித்தமிழ், ஆகவே பின்னதே மேல். நிலை என்ற வேர் தமிழில் எவ்வளவு ஆழம் என்று அவர்களோடு வாதாடலாம், எனக்கு நேரமில்லை. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ‘ஆகாசவாணி’ என்ற வடமொழிப் பெயரைத் தமிழ் நிலையங்கள்மேல் திணித்தபோதெல்லாம் ‘வானொலி’க்காக எழுந்த குரல்களின் பக்கம்தான் நான். ஆனால் வானொலி தூய்மையால் மட்டும் வெல்லவில்லை, கேட்டவுடன் விளங்கியது. பிலிப்பைன்ஸின் வெரித்தாஸ் வானொலிக்காரர்கள் ‘சேவை’யை விட்டுத் ‘தமிழ்ப் பணி’ என்றார்கள். தூய்மையும் கூடியது, பொருளும் குறையவில்லை. பொருளை அடகு வைத்து வாங்குகிற தூய்மை எதற்கு?

பண்பலை என்ற சொல்லையும் இங்கே இழுப்பார்கள். அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்எம்), அதாவது ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண்ணை மாற்றுவது, என்பதன் சுருக்கம் அது. நியாயமாகப் பார்த்தால் அரைகுறைச் சுருக்கம், ஏனென்றால் மத்திய அலையும் பண்பேற்றிய அலைதான். அங்கே அலையின் உயரத்தை, அதாவது வீச்சை, மாற்றுகிறார்கள், இங்கே அதிர்வெண்ணை, அவ்வளவே வேறுபாடு. (பண்பான அலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு காலை நேரத் தொகுப்பாளரின் அரட்டையைக் கேட்டதில்லை போலும்.) ஆனாலும் இதை நான் விட்டுவிடுகிறேன். 1977 ஜூலையில் இந்தியாவிலேயே முதலாகச் சென்னையில் வந்த அந்த ஒலிபரப்புக்கு மக்கள் நாவில் வேறு சொல் ஒட்டவில்லை. எஃப்எம், இல்லாவிட்டால் பண்பலை. யாருக்கும் குழப்பம் இல்லை, அதனால் எந்தச் சொல்லின் வேலையும் பறிபோகவில்லை.

அலைவரிசை அப்படியல்ல. வானொலி நிலையத்தில் தொடங்கியது, தொலைக்காட்சிக்குத் தாவியது, இப்போது ‘யூடியூப் அலைவரிசை’யில் வந்து நிற்கிறது. கம்பிவடத்தில் வரும் காணொளிக்கு அலை எங்கே, வரிசை எங்கே? மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் எங்கே ‘சேனல்’ கண்டாலும் இந்த ஒரே முத்திரையைக் குத்துகிறார்கள். ‘எங்கள் இருவருக்கும் ஒரே அலைவரிசை’ என்று நட்பைக்கூட மெகாஹெர்ட்ஸில் அளக்கும் கதைகள் வந்துவிட்டன. ஒத்துப்போகும், மனம் ஒன்றும் என்பதெல்லாம் தமிழில் தீர்ந்துவிட்டனவா? நல்ல சொல் கிடைக்கும்வரை ‘சேனல்’ என்றே எழுதினால் மொழி செத்துவிடாது. தப்பான தமிழைவிட நேரான கடன் மேல்.

அலை இல்லாததால் அலைவரிசை கூடாதென்றால், இணைய வானொலியில் மட்டும் வான் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வானொலி இன்று முழுக்க ஒரே சொல்லாக இறுகிவிட்டது. அதைப் பிரித்து வானைத் தேடுவார் இல்லை, வேறு எந்தப் பொருளுக்கும் அது தேவைப்படவுமில்லை. அலைவரிசையோ இன்னும் வேலையில் இருக்கிற சொல். நிலையத்துக்கும் அதையே வைத்துவிட்டால் அதிர்வெண்ணைச் சொல்ல நேயருக்குச் சொல் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் ‘இந்த நிலையம் நாளை முதல் வேறு அலைவரிசையில் ஒலிக்கும்’ என்ற சாதாரண அறிவிப்பை அந்தத் திருத்துநரிடம் கொடுத்துப் பார்க்கலாம். ‘இந்த அலைவரிசை நாளை முதல் வேறு அலைவரிசையில் ஒலிக்கும்’ என்று திரும்பி வரும்.