கணினி மெதுவாகிவிட்டதா? ஃபார்மட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கணினியை எங்கள் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் மேசைமேல் லேப்டாப்பை வைத்தவுடன் சொல்வது, "ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடுங்க" என்பதுதான். அதாவது, டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தரச் சொல்கிறார்கள். கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன்பே பரிகாரத்தை முடிவு செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். ஃபார்மட் செய்த பிறகு சில வாரங்கள் கணினி சுறுசுறுப்பாக இருப்பது உண்மைதான். ஆனால் அது, தானாகத் துவங்கும் மென்பொருள்கள் எல்லாம் அழிந்துபோனதால் கிடைக்கும் தற்காலிக வேகம். மூலக்கோளாறு வேறிடத்தில் இருந்தால், மென்பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது பழைய மந்தமும் திரும்பிவிடும். அழிந்துபோன குடும்பப் புகைப்படங்களும் டேலி மென்பொருளில் எழுதிய வணிகக் கணக்குகளும் மட்டும் திரும்பி வருவதில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது மெதுவாக இருக்கிறது என்பதே. சுவிட்சைப் போட்டு டெஸ்க்டாப் வருவதற்கே ஐந்து நிமிடம் ஆகிறதா? மற்றதெல்லாம் சரியாக ஓடி, பிரவுசர் மட்டும் திணறுகிறதா? அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு தள்ளாடுகிறதா? இம்மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். ஒரே மருந்து இவற்றுக்குக் கிடையாது.

எந்த இடம் என்பதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்ற நான்கு பத்திகளும் அந்த நொடியில் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும். கணினி உறைந்து நிற்கும் அதே தருணத்தில் இதைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. வீடுகளிலிருந்து வரும் பழைய லேப்டாப்புகளில் நான் அடிக்கடி காண்பது, சிபியு பத்து சதவீதத்தைக்கூடத் தாண்டாமல் சும்மா இருக்க, டிஸ்க் பத்தி மட்டும் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பதைத்தான்.

சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க்கே அதற்குக் காரணம். லேப்டாப்புகளில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் தலைமுனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலைமுனையும் நகர்ந்து சரியான தடத்துக்கு வந்தாக வேண்டும். இதனால், சிதறிக் கிடக்கும் சிறுசிறு கோப்புகளைப் படிக்கும்போது, நொடிக்கு நூறு முறை படிப்பதே அதற்குப் பெரும்பாடு. தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும், அசையும் பாகம் எதுவுமில்லாத ஒரு சாதாரண எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் முறை படித்துவிடும். விண்டோஸ் துவங்குவது என்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் வேலை என்பதால், ஹார்ட் டிஸ்க் போட்ட, விலை கூடிய ஐ7 பிராசசர் லேப்டாப் ஒன்று, எஸ்எஸ்டி போட்ட, விலை குறைந்த ஐ3 பிராசசர் லேப்டாப்பிடம் அன்றாட வேலைகளில் தோற்றுப்போவது எங்களுக்கு வாடிக்கையான காட்சி. கடையில் பிராசசரின் பெயரை மட்டும் விசாரித்து வாங்கியவர்களுக்கு இது எளிதில் நம்ப முடிவதில்லை.

உங்கள் கணினியில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்கிப் பாருங்கள். 2020 மே மாத அப்டேட்டுக்குப் பிந்தைய விண்டோஸ் 10-லும் விண்டோஸ் 11-லும், ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். அதே திரையில் சராசரிப் பதிலளிப்பு நேரமும் மில்லி விநாடியில் தெரியும். பெரிய வேலை எதுவும் நடக்காதபோதே அந்த எண் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறி இறங்கினால், அந்த டிஸ்க் சாகும் நிலையில் இருக்கக்கூடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க்கில் பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தகவல் எழுதும் சிறு கட்டங்களின்) நிலவரத்தைக் காட்டி, 'எச்சரிக்கை' என்று மஞ்சள் நிறத்தில் சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் ஃபார்மட் செய்வதுதான் செய்யக்கூடாத காரியம். தகவல்களை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் டிஸ்க்தான் குற்றவாளி என்றும் உடனே முடிவு கட்டிவிட முடியாது. மெமரி பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்ள, பிரவுசர் திறந்தவுடன் மீதியும் தீர்ந்துபோகும். அப்போது விண்டோஸ், ரேமில் இடமில்லாதவற்றை டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கத் தொடங்கும். பற்றாக்குறை ரேமில், பழி டிஸ்க்கின் மேல். மெமரி 85, 90 சதவீதத்திலேயே நின்றால் கூடுதல் ரேம் போடுவதுதான் வழி. ஆனால் டிடிஆர்3, டிடிஆர்4 ஆகிய ரேம் வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது என்பதையும், மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

தினமும் ஷட் டவுன் செய்வதாகச் சொல்பவர்களுடைய கணினியில், டாஸ்க் மேனேஜரின் சிபியு திரையில் 'அப் டைம்' வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினால் திகைக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8-இலிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்மையம் முழுவதுமாக அணைவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் துவங்கும். காரணம் தெரியாத மந்தத்துக்கு முதலில் செய்து பார்க்க வேண்டியது இந்த ரீஸ்டார்ட்தான்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மந்தமாகும் லேப்டாப்பின் கதை வேறு. மெத்தைமேல் வைத்து வேலை செய்வதாலும், விசிறியில் பஞ்சுபோல் தூசி அடைந்துபோவதாலும் சூடு வெளியேறாதபோது, பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேலை மும்முரமாக நடக்கும்போதும் சிபியு திரையில் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றால், தூசி தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சில லேப்டாப்புகள், அசல் அல்லாத சார்ஜரைச் செருகினாலும் இதேபோல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இனி பிரவுசருக்கு வருவோம். குரோமில் நான்கு டேப் திறந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் பதினைந்து குரோம் தெரிவதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்கள் உண்டு. அது அதன் வடிவமைப்பு. ஒரு பக்கம் முடங்கினால் மற்றவை முடங்காமலிருக்கத் தனித்தனியாக இயங்குகிறது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைபாடு வெளியான பிறகு, ஒரு தளத்தின் தகவலை மற்றொரு தளம் எட்டிப் பார்க்காதபடி குரோம் இந்தப் பிரிவினையை மேலும் கடுமையாக்கியது; அதற்கு விலையாக ரேம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது. எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்து நிறுவும் துணை மென்பொருள்) எவ்வளவு தின்கிறது என்பதைக் குரோமுக்குள்ளேயே ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்துவிடலாம்.

பெரும்பாலும் அகப்படுவது எக்ஸ்டென்ஷன்தான். எளிய சோதனை ஒன்று உண்டு: மந்தமாகத் திறக்கும் அதே தளத்தைக் குரோமின் இன்காக்னிட்டோ என்ற தனிமறைவு ஜன்னலில் திறந்து பாருங்கள், நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயங்கா. அதில் வேகமாகத் திறந்தால், காரணம் நீங்கள் நிறுவிய ஏதோவொன்று. நல்ல பெயரெடுத்த எக்ஸ்டென்ஷன் என்பதும் உத்தரவாதமில்லை. பயன்படுத்தாத டேப்களை உறங்க வைத்து ரேமை மிச்சப்படுத்துவதற்கென்றே லட்சக்கணக்கானோர் வைத்திருந்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-இல் முகம் தெரியாத புதிய உரிமையாளரிடம் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கியது. அந்த வேலையை இப்போது குரோமின் 'மெமரி சேவர்', எட்ஜின் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' ஆகிய உள்வசதிகளே செய்துவிடுகின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கொரு முறை 'உங்கள் கணினியில் 3 வைரஸ்கள்' என்று எழும் எச்சரிக்கையோடு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். முழு ஸ்கேன் செய்தும் வைரஸ் எதுவும் இல்லை. ஏதோ ஒரு தளம், 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்' என்று கேட்க, அவர் அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அது ரோபோ சோதனை அல்ல, அறிவிப்பு அனுப்பும் அனுமதி. பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கியதும் எச்சரிக்கைகள் நின்றுவிட்டன. அதற்கு முன்பே, அந்த எச்சரிக்கையைச் சொடுக்கி, 'வைரஸ் நீக்கி' என்ற பெயரில் எதையோ ஆண்டுச் சந்தா கட்டி வாங்கியிருந்தார் என்பதுதான் வருத்தம்.

வேகம் கூட்டும் மென்பொருள்களைப் பற்றிச் சற்று கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் பிரபல மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் தீநிரலைப் புகுத்த, நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே அது 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இறங்கியது. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகச் செய்து தரப்பட்ட 'பிசி ஹெல்த் செக்' இன்னும் விசித்திரமானது: கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று குறித்தாலே போதும், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் தீநிரல் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். அந்நாட்டு வணிக ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பிறகு, 2019-இல் அந்த நிறுவனமும் மென்பொருளை வழங்கிய சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவும் இதில் சேரும். டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கி ரெஃப்ரெஷ் கொடுப்பது, திரையிலுள்ள ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. டெம்ப் எனும் தற்காலிகக் கோப்புகளை அழிப்பதில் கொஞ்சம் இடமாவது மிச்சமாகும். ஆனால் அதோடு சேர்த்து 'பிரீஃபெட்ச்' கோப்புறையையும் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் நேர்மாறான பலனையே தருகின்றன. மென்பொருள்கள் விரைந்து திறக்க விண்டோஸ் சேர்த்து வைக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த முறை திறக்க இன்னும் தாமதமாகும். இவற்றைவிட, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை முடக்குவது ஐந்து நிமிட வேலை, பலனும் கண்கூடு.

கள்ள விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக் கருவிகளோடு, உங்கள் கணினியின் உழைப்பில் பிறருக்குக் கிரிப்டோ நாணயம் ஈட்டித் தரும் கிரிப்டோ மைனர்கள் வருவது தனித் தலைவலி. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் விசிறி இரைந்துகொண்டிருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் சட்டென்று அடங்கினால் சந்தேகப்படுங்கள். தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த நேரத்தில் மட்டும் நின்றுகொள்ளும் மைனர்கள் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசத் தீநிரல் நீக்கிகள் கிடைக்கின்றன. கூகுளில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள் வழியாகக் கணினியை ஒப்படைத்துப் பணத்தை இழந்தவர்கள், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான பிராசசரும் வேண்டும். பழைய கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தரச் சொல்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டும் போதும் என்பவர்களுக்கு, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றித் தருகிறோம்.

கணினியை எந்தக் கடையில் கொடுத்தாலும், குரோமில் உள்ள கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சேமித்த கடவுச்சொற்களை அந்தக் கணினியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். விண்டோஸின் பின் எண் தெரிந்தவருக்கு அவை அத்தனையும் திறந்துவிடும். எஸ்எஸ்டி மாற்றினால், வரிசை எண் எழுதிய பில்லோடு பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் ஆதார் நகலும் வங்கி அறிக்கையும் அதிலிருந்து மீட்கக்கூடிய நிலையிலேயே இருக்கும்.