நழுவிக்கொண்டே நிற்கும் கால்

பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாத சரிவுப் பாறை. கயிறு மாட்டிய கடைசி போல்ட் (விழுந்தால் கயிற்றைத் தாங்க, பாறையில் துளையிட்டுப் பொருத்திய உலோக ஆணி) 5 மீட்டர் கீழே இருக்கிறது. ஒருவர் தன் பாட்டுக்கு நடந்து ஏறுகிறார். இந்தக் காணொளியை அனுப்பி, "ஷூவில் பசை தடவியிருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். பசையெல்லாம் இல்லை, ரப்பர்தான்.

பள்ளிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 45 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் (இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) 1 வேண்டும். 55 பாகையில் 1.43. அதனால்தான் ஏறுபவரின் கண் சின்னக் குழிவுகளைத் தேடுகிறது. 55 பாகைப் பாறையில் கட்டைவிரல் அகலத்துக்கு 45 பாகையாகத் தணிந்த இடம் கிடைத்தால் போதும், கால் வைத்துவிடலாம்.

இனி ரப்பருக்கு வருவோம். உராய்வு வேகத்தைப் பொறுத்தது அல்ல என்று படித்திருப்போம். ரப்பரிடம் அது செல்லாது. ஷூவின் அடிப்பகுதி பாறையின் படிகமணிகள் மேல் அழுந்தி, அவற்றின் மேடு பள்ளங்களுக்குள் இறங்குகிறது. கால் இம்மியளவு நகரும்போது ஒவ்வொரு மணியின் முன்பக்கமும் ரப்பர் அமுங்குகிறது. பின்பக்கம் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. தலையணையில் கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் மெல்ல நிரம்புவதுபோலத்தான். முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இந்த வித்தியாசமே காலைத் தடுக்கிறது. தொட்ட இடத்தில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும் விசை தனி.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. 1963-இல் கிரோஷ் என்பவர் அளந்து காட்டினார்: மிகக் குறைந்த வேகங்களில், வேகம் கூடக்கூட ரப்பரின் உராய்வும் கூடுகிறது. அதாவது அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் கால், கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ஊர்ந்துகொண்டிருக்கலாம். சற்று வேகமாக நழுவினால் தடையும் கூடி அதைப் பிடித்து வைக்கிறது. ஆனால் உச்சம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் உராய்வு குறையத் தொடங்கும், கால் விருட்டென்று போய்விடும். பயத்தில் நடுங்கும் காலை இந்தப் பாறை மன்னிக்காததற்கு அந்த உச்சமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்த அறிவில் பெரும்பகுதி டயருக்காகச் செய்த ஆராய்ச்சியில் வந்தது. விற்பனைக்குப் பொருள் இருந்தால்தான் உராய்வை ஆராயப் பணம் கிடைக்கும் என்ற நிலை எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கு இப்படிப்பட்ட பாறைகளுக்குப் பேர்போனது. பழைய தடங்களில் போல்ட்டுகள் தூரந்தூரமாக இருக்கும். கீழிருந்து ஏறியபடியே, நிற்க முடிந்த இடத்தில் நின்று, சுத்தியலால் அடித்துத் துளை போட்ட காலம் அது.

போல்ட் தூரமானால் பயம் வரும்; பயம் வந்தால் பாறையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். அதுதான் தப்பு. பாறைக்குச் செங்குத்தாக உடல் கொடுக்கும் அழுத்தம் மொத்தத்தில் மாறாது. மார்பும் முழங்கையும் அதில் பங்கு கேட்டால் ரப்பருக்குக் கிடைப்பது குறையும். துணியும் தோலும் ரப்பர் அளவுக்குப் பிடிக்காது. நிமிர்ந்து, குதிகாலைத் தாழ்த்தி நின்றால் எடை முழுவதும் ஷூவுக்குப் போகும், தொடும் பரப்பும் கூடும்.

அப்புறம், விழுந்தால்? போல்ட்டுக்கு 5 மீட்டர் மேலே இருந்தால், போல்ட் வரை 5, அதைத் தாண்டிக் கயிறு இறுகும்வரை இன்னொரு 5 என்று குறைந்தது 10 மீட்டர் போக வேண்டும். வெறும் காற்றில் என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். 55 பாகைப் பாறையில், சறுக்கும்போதைய குணகம் 0.8 என்று வைத்தால், சுமார் 30 தான். மிச்ச ஆற்றல் வெப்பமாகி ரப்பருக்கும் தோலுக்கும் போகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் படுத்துச் சறுக்காமல், காலில் நின்றபடியே சறுக்கப் பார்க்கிறார்கள்.