காய்களை அடுக்க மறுத்த சிறுமி

என் செஸ் வகுப்பு முடிந்ததும் காய்களைப் பெட்டியில் அடுக்குவது பிள்ளைகளின் வேலை. ஒரு சிறுமி மட்டும் அதை முடிக்கவே மாட்டாள். பாதி அடுக்கிவிட்டு ஒரு குதிரையை மறுபடி வெளியே எடுப்பாள். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம், சார்." செஸ் மேல் இத்தனை ஆசையா என்று பூரித்துப்போனேன். வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிடுவது என் கண்ணில் பட நான்கு மாதங்கள் ஆயின.

செஸ் வீராங்கனை சோனியா கிராஃபைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். 1908-ல் மியூனிக்கில் பிறந்தவர். செஸ் கற்றுக்கொடுத்தவர் தந்தை. வீட்டில் அடியும் வசவும்தான். தப்பிக்க அவருக்குக் கிடைத்த இடம், செஸ் ஆடும் காபிக் கடைகள். அங்கே அவர் திறமையை அறிந்து சீடராக ஏற்றவர் மருத்துவரும் பெரும் ஆட்டக்காரருமான தாராஷ். மகளிர் உலகச் சாம்பியன் வேரா மென்சிக்கிடம் 1937-ல் தோற்றாலும், அவருக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்பட்டார். 1939-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் நடந்த மகளிர் உலகச் சாம்பியன் போட்டியில் ஜெர்மனியின் சார்பில் ஆட அவருக்கு இடமில்லை. 'சுதந்திரம்' என்று பொருள்படும் சொல் பொறித்த கொடியின் கீழ் ஆடி, 19 ஆட்டங்களில் 16 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பிடித்தார். மென்சிக்கிடம் கைக்கு எட்டிய வெற்றியை நழுவவிட்டதும் அங்கேதான். போர் மூண்டது, அர்ஜென்டினாவிலேயே தங்கினார். பிறகு அமெரிக்கா சென்று, 1964-ல் அந்நாட்டின் மகளிர் பட்டத்தை வென்றார். மறு ஆண்டே காலமானார்.

குழந்தைப் பருவத்து அடிகளை அவர் எழுத்தில் வைத்தது 1946-ல், சூசன் என்ற வேறொரு பெயருக்குள் ஒளிந்துகொண்டு. அப்போது அவருக்கு வயது 37.

பயிற்சியாளர்களான நாங்கள் திறமையைக் கண்டதும் மற்றதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். நான் அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். அந்தச் சிறுமியின் தந்தையையே நேரில் அழைத்து, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தேன். அடுத்த வாரம் முதல் அவள் வகுப்புக்கு வரவில்லை.

சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் போகாதீர்கள். குழந்தையைத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். நான் அழைத்தேன், தாமதமாக. இப்போது அந்த எண் என் வகுப்பறைச் சுவரில், விளக்கப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வகுப்பு முடிந்து அரை மணி நேரம் வரை கதவைப் பூட்டுவதும் இல்லை.