பம்பருக்கு என்ன நோய்? ‘பிளாஸ்மா நேர்த்தி’: சொல் விளக்கம்

கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்திலேயே ‘நெகிழிப் பரப்பிற்குப் பிளாஸ்மா சிகிச்சை அளித்தல்’ என்று ஒரு தலைப்பு. இந்தத் தொடரை நான் பார்ப்பது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

2020-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். கோவிட்டிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து நோயாளிகளுக்கு ஏற்றினார்களே, அதைத்தான் செய்தித்தாள்கள் ‘பிளாஸ்மா சிகிச்சை’ என்று எழுதித் தள்ளின. அதைப் படித்த பையன் இந்தக் கையேட்டைத் திறந்தால், பம்பருக்கு யார் ரத்தம் கொடுத்தார்கள் என்றுதான் யோசிப்பான். கொடுமை அதோடு நிற்கவில்லை. பால் பாக்கெட் ஆகும் பாலித்தீன் ஃபிலிமில் அச்சு மை பிடிப்பதற்காக, உயர் மின்னழுத்தத்தில் உண்டாகும் மின்னிறக்கத்தை அதன்மேல் படவிடுவார்கள். அதற்குத் தொழிலில் கொரோனா என்று பெயர். கிருமி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அந்தப் பெயர்தான். கையேடு அதையும் விடவில்லை: ‘தேவைப்பட்டால் கொரோனா சிகிச்சையும் அளிக்கலாம்.’

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் பிளாஸ்மா என்றால் உருக்கொடுத்துச் செய்யப்பட்ட பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது. 1928-இல் இர்விங் லாங்மியூர் அதை எடுத்து, மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த வாயுவுக்கு வைத்தார். பிளாஸ்டிக் என்ற சொல்லும் அதே கிரேக்க வேரிலிருந்து வந்ததுதான். ஆக இரண்டும் அக்கா தங்கை. தமிழில் இந்த வாயுவை ‘அயனிமம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல சொல், சண்டையில்லை. ஆனால் இயந்திரத்தின் மேலேயே பிளாஸ்மா என்று எழுதியிருக்கும்போது கையேட்டிலும் அதுவே இருக்கட்டும். நெகிழியும் ஊன்றிவிட்டது. (பழைய இலக்கியத்தில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. அது வேறு கதை.)

என் வழக்கு ‘சிகிச்சை’ மேல். அதற்கு முன் பட்டறையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலவை. பாலிப்ரொப்பிலீனின் பரப்பு ஆற்றல், அதாவது மேலே விழும் திரவத்தை இழுத்துப் பரப்பும் வலு, மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவுதான். தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பரப்பு இழுவிசையோ 72. அதனால் தண்ணீர் அதன்மேல் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பெயின்ட்டும் சரியாகப் பரவாது, பிடிக்காது. காய்ந்தபின் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டிப் பிடுங்கினால், செதில் செதிலாக டேப்போடு வந்துவிடும். காற்றை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கி நாசில் வழியே பரப்பின் மேல் ஓட்டினால், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் போகும். ஹைட்ராக்சில், கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் கொண்ட அணுத் தொகுதிகள் பரப்பில் உண்டாகும். பெயின்ட் அவற்றைப் பற்றிக்கொள்ளும். மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்குத்தான், உள்ளே பிளாஸ்டிக் பழைய பிளாஸ்டிக்கே. விட்டுவைத்தால் அந்தத் தொகுதிகள் மெல்ல உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், பலன் குறையும். ஆகவே கையோடு பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

இதில் நோய் எங்கே இருக்கிறது? பெயின்ட் பிடிக்காதது பாலிப்ரொப்பிலீனின் பிறவிக் குணம். சிகிச்சை என்றால் ஓர் உயிர் வேண்டும், அதற்கு ஒரு கோளாறு வேண்டும். அது வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. அப்படி எதிர்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, ‘பண்டுவம் என்று போடுங்கள், தூய தமிழ்’ என்றார். பண்டுவமும் வைத்தியம்தானே ஐயா! வேட்டியை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? தவறான கருத்தைத் தூய தமிழில் சொன்னால் அது தூய தவறு, அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு எல்லாவற்றுக்கும் ‘ட்ரீட்மென்ட்’ என்ற ஒரே சொல் போதும். தமிழ் அப்படிச் சோம்பேறி இல்லை. தோலைப் பதனிடுகிறோம், கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம், காயத்துக்கு மருந்திடுகிறோம். ‘தோல் சிகிச்சை’ என்று எழுதிப் பாருங்கள், வாணியம்பாடித் தோல் தொழில் நினைவுக்கு வராது. தோல் டாக்டர் வீட்டுப் பலகைதான் வரும்.

சரி, ‘பதப்படுத்தல்’ ஆகாதா? கொஞ்சம் யோசித்தேன். பதப்படுத்தினால் பொருள் முழுக்க மாறும், நெடுநாள் தாங்கும் என்று காதுக்குப் படுகிறது. இங்கே இரண்டும் இல்லை.

விடை வயலில் கிடக்கிறது. விவசாயிக்குத் தெரிந்த சொல் ‘விதைநேர்த்தி’. அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைமேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, உடனே விதைப்பார்கள். விதைக்கு நோய் இல்லை. அடுத்து வரப்போகும் வேலைக்கு அதை ஆயத்தம் செய்கிறோம். மேலே மட்டும்தான் கைவைக்கிறோம். நாள்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. பம்பருக்கு நடப்பதும் வரிக்கு வரி இதேதான். ஆகவே ‘பிளாஸ்மா பரப்புநேர்த்தி’. சுருக்கமாக ‘பிளாஸ்மா நேர்த்தி’. கொரோனா நேர்த்தி, தீச்சுடரால் செய்தால் சுடர்நேர்த்தி எல்லாம் தானாக வரும். நேர்த்தி என்றால் அழகு, நேர்த்திக்கடன் என்றால் வேண்டுதல், குழப்பம் வராதா என்று ஒருவர் கேட்டார். விதைநேர்த்தி என்றதும் எந்த விவசாயியாவது விதையைத் தூக்கிக்கொண்டு பழனிக்குப் போனாரா?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். இப்போது அகராதியைத் திறப்பதுகூட இல்லை, கணினி கொடுப்பதை அப்படியே ஒட்டுகிறார்கள். அதே கையேட்டில் ‘வண்ணப்பூச்சின் ஒட்டுந்திறன் மேம்பாடு’ என்றும் இருந்தது. ‘பெயின்ட் பிடிக்கல’ என்று பேசுகிற ஊரில் ‘பெயின்ட் பிடிப்பு’ என்று எழுத என்ன தடை?

திருத்தி அனுப்பினேன். சிகிச்சை எல்லா இடத்திலும் நேர்த்தியானது. அப்புறம் அங்கே வேலை செய்கிற பையன் ஒருவனிடம் போனில் கேட்டேன், நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று. ‘பிளாஸ்மா காட்டுறதுன்னு சொல்வோம் சார்’ என்றான். தணலில் அப்பளம் காட்டுவதுபோல. இது எனக்குத் தோன்றவே இல்லை.