உடையாமல் தப்பும் ஒன்பது

ஓரியன் விண்மீன் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே, பனி படிந்தாற்போல ஒரு மங்கல் தெரியும். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா அது. அங்குள்ள இளம் பெருநட்சத்திரங்கள் புற ஊதா ஒளியை வாரி இறைக்கின்றன. அந்த ஒளியில் மாட்டும் மூலக்கூறுகள் என்ன பாடுபடும்?

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு அணுக்களைப் பிரிக்கச் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) போதும். ஆனால் அந்த அளவு ஆற்றலுள்ள ஒளி அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். அதை விழுங்க ஹைட்ரஜனுக்கு வாய் கிடையாது. குறைந்தது 11.2 வேண்டும். சரி, 13.6-ஐத் தாண்டிய ஒளி? அதை நட்சத்திரத்துக்கு அருகே தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அணுக்களே தின்று தீர்த்துவிடும். ஆக, இந்தக் குறுகிய இடைவெளியில் வரும் ஒளிதான் வேலை செய்கிறது.

அதை விழுங்கியதும் எலக்ட்ரான் மேலே தாவும். நொடியில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கீழே விழும். விழும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு மூலக்கூறுதான் பிளக்கிறது. மற்ற ஒன்பதும் தப்பிவிடும், ஆனால் சுண்டிவிட்ட ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துகொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே ஒளி கார்பன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கியிருக்கும். அந்த அயனி சாதாரண ஹைட்ரஜனோடு சேராது, 0.4 எலக்ட்ரான் வோல்ட் பற்றாக்குறை. அதிர்கிற ஹைட்ரஜனோ அந்தக் கூடுதலைக் கையோடு கொண்டுவருகிறது. முதல் பிணைப்பு விழுந்துவிட்டால் அப்புறம் மளமளவென்று மேலும் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு மெத்தில் அயனி உருவாகும். ஹைட்ரஜனைச் சட்டை செய்யாமல் மற்ற மூலக்கூறுகளோடு எளிதில் கைகோத்து, பெரிய கார்பன் சேர்மங்களுக்கு வழிவிடுவது அது.

1970களிலிருந்தே கணக்குப்போட்டு வைத்திருந்த இந்த அயனி ரேடியோ தொலைநோக்கிகளுக்குத் தென்படவில்லை. அதன் சமச்சீர் வடிவத்தால் ரேடியோ அலையில் அது ஊமை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்து, 2023-இல் அதைப் பிடித்தது. ஓரியனில் ஒரு குட்டி நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள டி203-506 என்ற வாயு, தூசு வட்டில். அந்த நட்சத்திரம் சூரியனில் பத்தில் ஒரு பங்கு நிறைதான், புற ஊதா ஒளி வருவதோ பக்கத்துப் பெருநட்சத்திரங்களிடமிருந்து. அதே வட்டில் தண்ணீரையும் தேடினார்கள், அகப்படவில்லை.